என்ன தெரியுது?

அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் உப்பு படிந்துவிட்டால் எதிரே இருப்பது தீவா மேகமா என்று அவருக்குத் தெரியாது. சட்டை நுனியால் துடைப்பார். சட்டையிலும் உப்புதான், கண்ணாடி இன்னும் மங்கும். சுக்கானை விடாமல் அணியத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "பாப்பா, என்ன தெரியுது?"

அணியத்தில் கம்பியைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருப்பேன். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை பாய்மரத்தடியில். எனக்கு வயது எட்டு. "வலது பக்கம் வலை மிதப்பு, ரெண்டு. கறுப்புக் கொடி" என்பேன். அப்பா சுக்கானைத் தள்ளுவார். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு முப்பத்து நாலு அடிப் படகு திரும்பும். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் நான் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறார்கள். அவ்வளவு முழுசாக என்னை நம்பியவர் வேறு யாருமில்லை.

ஆசைப்பட்டுக் கடலுக்குப் போன குடும்பமல்ல நாங்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தது. ரப்பரும் படுத்திருந்தது. மலேசியா முழுக்க வேலை போய்க்கொண்டிருந்த காலம். அப்பா டீசல் இஞ்சின் மெக்கானிக். அவர் வேலை பார்த்த பினாங்குப் பட்டறையை மூடியபோது, சம்பளப் பாக்கிக்கு ஈடாக, பழுது பார்க்க வந்து சொந்தக்காரர் திரும்பி வராமலே கிடந்த ஒரு பாய்மரப் படகைக் கைகாட்டிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த பட்டறை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீடு இல்லை, படகு இருக்கிறது. அப்பா இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்.

அது சிமெண்டுப் படகு. எழுபதுகளில் பல நாடுகளில் அப்படிச் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள். இரும்புக் கம்பியில் கூடு கட்டி, கோழிக்கூண்டு வலையை அடுக்கடுக்காய்ச் சுற்றி, சிமெண்டுக் கலவையைத் துளி இடைவெளி விடாமல் பூசி எடுப்பது. "சிமெண்டு மிதக்குமா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. தாத்தா ராஜூலா கப்பலில் டெக் டிக்கெட்டில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். சில வருஷம் கழித்துப் பாட்டியும் அதே கப்பலில் வந்தார். "ஒரு தடவ கடல்ல ஏறினதுக்கே பெத்தவங்க முகத்த நான் திரும்பிப் பாக்கல. நீ பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஏறப் போறியாடி?" என்று அம்மாவிடம் கேட்டார். தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது.

அம்மா பாட்டிக்குப் பதில் சொல்லாமல் படகைப் பார்க்கப் போனார். சம்பானில் போய் ஏறியதும் பாயையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே இறங்கி ஒவ்வொரு பலகையாகத் திறந்து கையை விட்டுத் தடவினார். ஈரம் இருக்கிறதா என்று விரலை முகர்ந்தார். கடைசியில் மண்ணெண்ணெய் அடுப்பைத் தொட்டார். அது தொட்டிலாய் ஆடியது.

"என்னங்க, அடுப்பு ஆடுதே?"

"அது ஆடத்தான் வேணும். படகு எந்தப் பக்கம் சாஞ்சாலும் அடுப்பு சாயாது, பாரு." அப்பா ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் வைத்துவிட்டு, மேலே ஏறி இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறி நின்று படகை ஆட்டினார். குவளை அசையாமல் நின்றது. அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். நாங்கள் பதினாறு மாதம் கடலில் வாழ்ந்ததற்கு அந்தக் குவளைத் தண்ணீர்தான் காரணம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

1986 டிசம்பரில் கிளம்பினோம். வாடைக் காற்றுக் காலம். அந்த மாதங்களில் மலாயாவின் மேற்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும், பெரிய அலை எழும்ப அதற்கு இடமிருக்காது. லங்காவி அறுபது மைல். எங்கள் படகு மணிக்கு நாலு மைல், நல்ல காற்றடித்தால் ஐந்து. ராத்திரி புறப்பட்டு மறுநாள் பகலில் போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் திட்டம் எளிமையானது. லங்காவி, அங்கிருந்து தாய்லாந்துக் கரையோரத் தீவுகள், பூக்கெட். போகிற இடத்திலெல்லாம் மீன்பிடிப் படகுகளும் வெள்ளைக்காரர்களின் பாய்மரப் படகுகளும் இருக்கும். அவற்றில் இஞ்சின் இருக்கும். இஞ்சின் இருந்தால் பழுதும் இருக்கும்.

முதல் ராத்திரியே தம்பி தூங்கவில்லை. படுக்கை ஓரத்தில் அவன் உருண்டு விழாமல் அப்பா தடுப்புத் துணி கட்டியிருந்தார். படகு சாயும்போதெல்லாம் அவன் அந்தத் துணியில் போய் மோதுவான், மறுபக்கம் சாய்ந்தால் சுவரில். மோதலுக்கு ஒரு அழுகை. அம்மா எழுந்தார், டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நூல்சேலை ஒன்றை எடுத்தார், கூரைக் கட்டையில் முடிந்து தூளி கட்டினார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். படகு இடம் சாய்ந்தது, வலம் சாய்ந்தது. சுவர் சாய்ந்தது, விளக்கு சாய்ந்தது, அம்மா சாய்ந்தார். தூளி மட்டும் நேராகத் தொங்கியது. தம்பி தூங்கிப்போனான். காலையில் அப்பா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தடுப்புத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார்.

படகு வீடானது இப்படித்தான், அம்மா கையால். தண்ணீர்த் தொட்டி இருநூற்றைம்பது லிட்டர். நாலு பேருக்கு அது மூன்று வாரம் வர வேண்டும். பாத்திரம் உப்புத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு. குளியல் கடலில், மேலே ஊற்ற ஆளுக்கு ஒரே ஒரு சொம்பு. அந்தச் சொம்பை அம்மா எங்கள் தலையில் நேராக ஊற்ற மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாய் விரலிடுக்கில் விட்டு, கண், காது, கழுத்து, அக்குள் என்று ஒவ்வோர் இடமாய் உப்பை எடுப்பார். மழை வந்தால் வெயிலுக்குக் கட்டிய கித்தானே நீர் பிடிக்கும் கூரையாகிவிடும். முதல் பத்து நிமிஷ மழையைக் கித்தான் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைக் குடத்தில் பிடிப்போம்.

முட்டை ஒவ்வொன்றுக்கும் வாசலின் தடவி வைப்பார். ஓட்டின் துளைகள் அடைபட்டுவிட்டால் முட்டை வாரக்கணக்கில் கெடாது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் புரட்டி வைப்பது என் வேலை. ரசம், பருப்பு, கருவாட்டுக் குழம்பு, எதுவானாலும் பிரஷர் குக்கரில்தான். மூடி பூட்டிக்கொள்வதால் எந்த ஆட்டத்திலும் கொதிக்கும் குழம்பு பிள்ளைகள் மேல் கொட்டாது. ஆறடி தள்ளி ஒன்றரை வயதுப் பிள்ளை தவழும் சமையலறையில் அதைவிடப் பெரிய காவல் கிடையாது. இட்லிக்கு மாவு கரைத்தால் மட்டும், பொங்கி வழிவதற்குள் நங்கூரம் போடும் இடத்தைப் பிடித்தாக வேண்டும். அப்பாவிடம், "நாளைக் காலையில நிக்கிற எடத்துல இருக்கணும், மாவு அரைச்சிருக்கேன்" என்று அம்மா சொன்னால் அன்றைய பயணத் திட்டம் அதுதான்.

நங்கூரம் போடுமுன் ஆழம் பார்க்க வேண்டும். எங்களிடம் கருவி கிடையாது. நீளமான கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. கயிற்றில் பாகத்துக்கு ஒரு துணி முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. தோங்காங் சரக்குப் படகில் மூட்டை இறக்கிய தாத்தா சொல்லிக்கொடுத்த கணக்கு அது. குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் சவுக்காரக் கட்டியைப் பிசைந்து அப்பி வைப்பேன். குண்டை எறிந்து, தரை தட்டியதும் இழுத்தால் சவுக்காரத்தில் அடியில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். "மூணு பாகம், சேறு" என்று கத்துவேன். சேறென்றால் நங்கூரம் பிடிக்கும். வெறும் சவுக்காரத்தில் கீறல் மட்டும் விழுந்து வந்தால் அடியில் பாறை, அங்கே ராத்திரி தங்கக் கூடாது. கண்ணால் பார்க்க முடியாத தரையைக் கையில் எடுத்துப் பார்க்கிற அந்தச் சந்தோஷம் எனக்கு ஒருநாளும் சலிக்கவில்லை.

படிப்பையும் சொல்ல வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு முன் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. காலை எட்டிலிருந்து பத்து வரை படகு பள்ளிக்கூடம். காற்று எப்படி இருந்தாலும் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலாய், பத்துக் கணக்கு. என் அந்தக் கால நோட்டு எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

பாங்ஙா விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும். அங்கே பாஞி என்ற ஊர் முழுதுமே தண்ணீருக்கு மேல் கால் நட்டு நிற்கிறது. அப்பா அங்கே ஒரு வாரம் இஞ்சின் பிரித்தார். அந்த ஊர்ப் பையன்கள் 1986 உலகக் கோப்பைப் பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, விளையாட நிலமில்லாததால் பழைய பலகைகளைச் சேர்த்துத் தண்ணீரில் மிதக்கும் திடல் ஒன்றைத் தாங்களே கட்டியிருந்தார்கள். ஆணி துருத்தியிருக்கும் ஈரப் பலகையில் வெறுங்காலோடு ஆடுவார்கள். பந்து தண்ணீரில் விழுந்தால் யாராவது குதிப்பான். நானும் இரண்டு முறை குதித்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் வருஷம், 1988 பிப்ரவரியில், பூக்கெட்டுக்கு வடக்கே சூரின் தீவுகளுக்குப் போனோம். அங்கேதான் மோக்கென் மக்களைப் பார்த்தேன். எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகிலா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்காத முதல் மனிதர்கள் அவர்கள். அவர்களே படகில் பிறந்து படகில் வளர்ந்தவர்கள். கபாங் என்று சொல்லும் அந்தப் படகுக்கு முன்னும் பின்னும் வாய் போல ஒரு வெட்டு இருக்கும். நடுவில் ஓலைக் கூரை, கூரைக்கடியில் அடுப்பு, பாய், கிழவி, குழந்தை, நாய். மழைக்காலத்தில் கரையில் குடிசை போட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலை தம்பி குக்கர் வெயிட்டை எடுத்துக் கடலில் எறிந்துவிட்டான். அம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். புதுசு வாங்க வேண்டுமென்றால் பினாங்குதான். அப்பா மூழ்கிப் பார்த்தார். அடியில் பவளப் பாறையும் சிப்பியும் கறுப்பும் பழுப்புமாய்க் கிடந்தன, கட்டைவிரல் அளவு இரும்பை எங்கே தேடுவது? பக்கத்தில் சிப்பி எடுத்துக்கொண்டிருந்த மோக்கென் படகிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அம்மா குக்கரை வெளியே கொண்டுவந்து மூடியின் குழாயைக் காட்டி, விரலால் அளவு காட்டி, கடலைக் காட்டினார். அவள் சிரித்தாள். நீச்சல் கண்ணாடி எதுவும் கிடையாது, அப்படியே தலைகீழாக இறங்கினாள். இரண்டரை பாகம். மேலிருந்து பார்த்தேன். அவள் துழாவவில்லை. தரைக்குப் பக்கத்தில் போய் நிதானமாக இடமும் வலமும் பார்த்தாள், கையை நீட்டி எடுத்தாள், மேலே வந்தாள்.

அம்மா தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களில் நாலைக் கழற்றி அவளுக்குப் போட்டார். அவளுடைய அம்மா எங்கள் படகில் ஏறி, பேச ஒரு சொல் பொதுவாக இல்லாமல், அடுப்பைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு தூளிக்குப் போய் உள்ளே தூங்கும் தம்பியைப் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு முறை தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் அங்கே இருந்த மூன்று வாரமும் அந்தப் பெண்ணோடு தண்ணீருக்குள்தான் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கும், எரியும். அவள் என் கையைப் பிடித்துச் சிப்பியின் மேல் வைப்பாள். என் கைக்குக் கிடைத்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. படகுக்கே கண் நான்தான் என்றிருந்த எனக்கு, அதைவிடப் பெரிய கண் ஒன்று இருப்பது தெரிந்தது. பொறாமையே வரவில்லை. அவளைப் போலப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் வெறி இருந்தது. கடைசி நாட்களில் மங்கலாய் அவள் வளையல் தெரிந்தது. சும்மா எனக்குத் தோன்றியதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் திரும்பினோம். காற்று மாறும் மாதம். மலாக்கா நீரிணையில் அப்போது நடுச்சாமத்துக்கு மேல் சுமத்ரா பக்கமிருந்து புயல்மழை வரிசை ஒன்று கிழக்கே நகர்ந்து வரும், விடியுமுன் மலாயாக் கரையில் அடிக்கும். அதற்கு 'சுமத்ரா' என்றே பெயர். லங்காவியிலிருந்து பினாங்குக்கு வரும் கடைசி ராத்திரி, மூன்றரை மணி இருக்கும், மேற்கே நட்சத்திரங்கள் கீழிருந்து ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டே வந்தன. அதுவரை வெதுவெதுப்பாக இருந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. அப்பா பாயைப் பாதிக்குமேல் இறக்கிக் கட்டி முடிப்பதற்குள் அடித்தது.

மழை பக்கவாட்டில் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். இருந்தும் பயனில்லை. கெடா கரையோரக் கடல் முழுக்க மீனவர்கள் நிபோங் மரக் கழிகளை நட்டுக் கெலோங் என்ற மீன்பொறி போட்டிருப்பார்கள். அதில் போய் விழுந்தால் சிமெண்டு உடையும். "பாப்பாவை எடுக்கட்டுமா?" என்று அம்மா கீழிருந்து கேட்டார். அப்பா ஒரு நொடி பதில் சொல்லவில்லை. அந்த நொடியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது, எனக்கும் ஒரு பிள்ளை இருப்பதால். "என் பக்கத்துல வரட்டும். இடுப்புக் கயித்த எங்கூடச் சேத்துக் கட்டு" என்றார்.

அவர் மடியில் உட்கார்ந்துகொண்டேன். இருட்டில் ஒன்றுமே இல்லை. மின்னல் அடித்தால் மட்டும் கடல் முழுதும் வெள்ளையாய் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தில் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவையும் பார்த்து, இருட்டியதும் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல." மறுபடி மின்னல். "ஒண்ணுமில்ல." மூன்றாவதோ நாலாவதோ மின்னலில் கோடு கோடாய்த் தெரிந்தது. மழையா கழியா என்று சந்தேகம். மழைக் கோடு சாய்ந்திருக்கும், இவை நேராக நின்றன.

"கழி! இடது பக்கம், கிட்ட!"

அப்பா சுக்கானை உடம்போடு சேர்த்துத் தள்ளினார். பாய் வெடித்த மாதிரி மறுபக்கம் விழுந்தது. அடுத்த மின்னலில் கழிகள் எங்களுக்கு இடப்புறம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் பின்னே போய்க்கொண்டிருந்தன. ஒரு கழியின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று தலையை இறக்கைக்குள் புதைத்து உட்கார்ந்திருந்தது. கீழே குனிந்து பார்த்தேன். அம்மா ஒரு கையால் குக்கரையும் மறு கையால் தூளியையும் பிடித்துக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தூளி நேராகத் தொங்கியது.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. வெளுத்ததும் அப்பா வழக்கம்போலக் கேட்டார். கிழக்கே பார்த்தேன். "ஜெராய் மலை" என்றேன். ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் கரையிலேயே எழுந்து நிற்கும் மலை அது. கடாரம் தேடி வந்த பழைய மாலுமிகளுக்கும் அதுதான் அடையாளம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என் தலை ஈரத்தைத் தன் ஈரச் சட்டையால் துவட்டினார்.

பினாங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. படகு ஒன்பதாயிரம் வெள்ளிக்குப் போனது. அந்தப் பணம் வீட்டு முன்பணமானது. நான் பழைய வகுப்பிலேயே சேர்ந்தேன்.

2003-ல் ஒரு செய்தி படித்தேன். சுவீடன் லுண்ட் பல்கலைக்கழகத்தின் அன்னா கிஸ்லேன் சூரின் தீவுகளுக்குப் போய், மோக்கென் பிள்ளைகள் நீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் தெளிவாகப் பார்ப்பதை அளந்து எழுதியிருந்தார். தண்ணீருக்குள் அவர்கள் கண்ணின் பாவையை முடிந்த மட்டும் சுருக்கிக்கொள்கிறார்கள். பிற்பாடு அவரே ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கும் வந்தது. அந்த வளையல் எனக்கு நிஜமாகவே தெரிந்திருக்கலாம். அடுத்த வருஷம் டிசம்பர் 26. கடல் பின்வாங்கியதும், லபூன் என்று முன்னோர் சொல்லிவைத்த ஆளை விழுங்கும் அலை அதுதான் என்று சூரின் மோக்கென்கள் அறிந்து மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள் என்று செய்தி வந்தது. பத்திரிகைப் படத்தில் இருந்த பெண்களின் கைகளை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல் பதினாறு வருஷம் உடையாமல் இருக்காது என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன்.

அப்பாவுக்கு இப்போது கண்ணழுத்த நோய். ஓரங்கள் போய்விட்டன, நடுவிலும் கொஞ்சம்தான். சாயங்காலங்களில் அவரைப் பாடாங் கோத்தாவுக்குக் கூட்டிப்போவேன். கடல் சுவரில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பார். போன வாரமும் கேட்டார்.

"பாப்பா, என்ன தெரியுது?"

"நங்கூரம் போட்ட கப்பல் ரெண்டு. உள்ள வர்ற மீன் படகு ஒண்ணு, பச்சை."

"ஜெராய்?"

"அடி தெரியுது. உச்சி மேகத்துக்குள்ள இருக்குப்பா."

"மேற்க?"

தீவின் மேல் கறுத்திருந்தது. "மழை. அரைமணியில வந்துடும்."

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அம்மாவுக்குப் போன் போடு. துணி எடுக்கச் சொல்லு."